கணினிப் பயிற்றுநர்களுக்கான தகுதி விதிகள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007 விற்பனைக்கு வந்தபோது, அதுவரை வேர்டு, எக்செல் ஆகியவற்றைக் கற்பித்துவந்தவர்கள் முதலில் கவனித்தது பழைய மெனுக்கள் காணாமல் போயிருந்ததைத்தான். ‘ஃபார்மேட் மெனுவைத் திறங்கள், அதில் செல்ஸ் என்பதைச் சொடுக்குங்கள்’ என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிப் பழகிய வாய்க்கு வேறு சொற்கள் தேவைப்பட்டன. மெனுக்கள் இருந்த இடத்தில் ரிப்பன் என்னும் அகலமான பட்டை வந்திருந்தது. ஆனால் ஒரு கலத்தில் உள்ள எண்ணுக்கும் அது திரையில் காட்டப்படும் தோற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு மாறவில்லை. அந்த வேறுபாட்டை முதன்முறையாகச் சந்திக்கும் ஒருவர் எந்த இடத்தில் குழம்புவார் என்பதும் மாறவில்லை. பயிற்றுநர் அறிந்திருந்தவற்றில் ஒரு பகுதி பழையதாகிவிட்டது. இன்னொரு பகுதிக்கு எந்தச் சேதமும் இல்லை.

கணினித் திறன் பயிற்றுநர்களுக்கான சான்றிதழ் விதிகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருத்தப்பட்டும், கைவிடப்பட்டும், மீண்டும் எழுதப்பட்டும் வருவதன் அடிப்படைக் காரணம் இந்தப் பிளவில்தான் இருக்கிறது. பயிற்றுநரிடம் இரண்டு தகுதிகளை எதிர்பார்க்கிறோம். ஒன்று, அவர் கற்பிக்கும் மென்பொருளையோ வலையமைப்பையோ அவர் அறிந்திருக்க வேண்டும். மற்றொன்று, அதை அறியாத ஒருவருக்கு அதைக் கொண்டுசேர்க்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் தகுதி விரைவில் காலாவதியாகக்கூடியது, ஆனால் எளிதில் தேர்வு வைத்து அளக்கக்கூடியது. இரண்டாவது தகுதி நெடுங்காலம் நிலைக்கக்கூடியது, ஆனால் அளப்பதற்கு நேரமும் பணமும் தேர்ந்த கண்களும் வேண்டும். விதிகள் மாறிய ஒவ்வொரு முறையும் இந்த இரண்டுக்கும் இடையிலான எடை மாறியிருக்கிறது. மொத்தத்தில் அந்த எடை, அளப்பதற்கு எளிதான பக்கமே சாய்ந்துவந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் கணிப்பு. அது கற்பவர்களுக்கு நல்லதல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கணினிப் பயிற்றுநருக்குச் சான்றிதழ் என்ற எண்ணம் பள்ளிகளிலிருந்தோ பல்கலைக்கழகங்களிலிருந்தோ தொடங்கவில்லை. மென்பொருளை விற்ற நிறுவனங்களே அதைத் தொடங்கின. வலையமைப்பு மென்பொருளில் ஒருகாலத்தில் கோலோச்சிய நாவெல் நிறுவனமும், அதன்பின் 1990களில் மைக்ரோசாஃப்டும் சிஸ்கோவும், தங்கள் பொருள்களை நிறுவிப் பராமரிக்கக்கூடிய ஆட்கள் போதுமான அளவில் உருவானால்தான் விற்பனை பெருகும் என்பதை உணர்ந்திருந்தன. அத்தனை பேருக்கும் தாங்களே வகுப்பெடுக்க முடியாது என்பதால், அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களிடம் அந்த வேலையை ஒப்படைத்தன. மையம் வேறொருவருடையது, பாடநூலில் பெயர் தங்களுடையது என்ற நிலையில், வகுப்பறையில் நிற்பவர் தகுதியானவர்தானா என்பதை உறுதிசெய்ய ஒரு வழி தேவைப்பட்டது. நாவெலின் சான்றுபெற்ற பயிற்றுநர், மைக்ரோசாஃப்டின் எம்சிடி, சிஸ்கோவின் சிசிஎஸ்ஐ ஆகிய தகுதிகள் இப்படித்தான் பிறந்தன. ஆகவே பயிற்றுநர் சான்றிதழ் தொடக்கத்திலிருந்தே இரண்டு எசமானர்களுக்குப் பணிசெய்து வந்திருக்கிறது: கற்பவருக்கு அது தரத்தின் உறுதிமொழி, விற்பவருக்கு அது விநியோகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. பின்னாளில் விதிகள் மாறியபோது எழுந்த மனக்கசப்புகளில் பெரும்பகுதி இந்த இரட்டைப் பணியிலிருந்து வந்ததே.

அந்தத் தொடக்ககால விதிகளில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. பாடத் தேர்வில் வென்றால் மட்டும் போதாது, வகுப்பெடுக்கத் தெரியும் என்பதற்கும் சான்று காட்ட வேண்டும் என்று அவை கேட்டன. சிஸ்கோ தன் பயிற்றுநர்களுக்கு இரண்டு நாள் மதிப்பீடு ஒன்றை வைத்திருந்தது. அதில் ஆய்வுக்கூடப் பயிற்சிகளைச் செய்துகாட்டுவதோடு, மதிப்பீட்டாளர் முன்னிலையில் பாடம் நடத்தியும் காட்ட வேண்டும். இப்படி ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக மதிப்பிடுவதற்குப் பதிலாக, எந்த நிறுவனத்தையும் சாராத பொதுவான ஒரு கற்பித்தல் சான்றிதழ் இருந்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து எழுந்ததுதான் சான்றுபெற்ற தொழில்நுட்பப் பயிற்றுநர் என்ற தகுதி. அது 2001இல், கணினித் துறைக்கான பொதுச் சான்றிதழ்களை வழங்கும் காம்ப்டியா அமைப்பின் கைக்கு வந்து ‘சிடிடி பிளஸ்’ என்ற பெயரைப் பெற்றது.

சிடிடி பிளஸ் எப்படி நடத்தப்பட்டது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும், ஏனெனில் கற்பித்தலை அளக்க முடியும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. அதில் இரண்டு படிகள் இருந்தன. முதலாவது, கணினியில் எழுதும் வழக்கமான கொள்குறித் தேர்வு. பாடத் திட்டமிடல், கற்பிக்கும் முறைகளும் கருவிகளும், பயிற்றுநரின் நம்பகத்தன்மையும் பேச்சுத்திறனும், குழுவை வழிநடத்துதல், பயிற்சியை மதிப்பிடுதல் என்ற ஐந்து பிரிவுகளிலிருந்து அதன் கேள்விகள் வந்தன. இரண்டாவது படியே முக்கியமானது. தேர்வர் தன் வகுப்பு ஒன்றை 17 நிமிடத்துக்குக் குறையாமலும் 22 நிமிடத்துக்கு மிகாமலும் ஒளிப்பதிவு செய்து, அந்த வகுப்பின் நோக்கம், கற்பவர்கள் யார் என்பன போன்ற விவரங்களை எழுதிய படிவத்துடன் அனுப்ப வேண்டும். பயிற்சிபெற்ற மதிப்பீட்டாளர்கள் அதைப் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். கேள்வி கேட்டபின் பயிற்றுநர் பதிலுக்குக் காத்திருந்தாரா, தானே பதிலைச் சொல்லிவிட்டாரா. தவறாகப் பதில் சொன்னவரை எப்படிக் கையாண்டார். புரிந்ததா என்று பொதுவாகக் கேட்டு விட்டுவிட்டாரா, புரிந்ததைச் செய்துகாட்ட வைத்தாரா என்பவையெல்லாம் அந்த இருபது நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும்.

அந்தச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி இருக்கவில்லை. இதைக் கவனக்குறைவு என்று கருத வேண்டியதில்லை. அது ஒரு நிலைப்பாடு. குறிப்பிட்ட எந்த மென்பொருளைப் பற்றியும் அது எதுவும் உறுதியளிக்கவில்லை. வகுப்பை நடத்தும் திறமையைப் பற்றி மட்டுமே பேசியது. அந்தத் திறமை மூன்று ஆண்டில் ஆவியாகிவிடுவதில்லை என்ற புரிதல் அதன் பின்னால் இருந்தது.

எனினும், கற்பித்தல் திறமையைப் பாடத்திலிருந்து முற்றிலும் பிரித்துப் பார்ப்பதிலும் ஒரு குறை உண்டு. 1986இல் அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் முன்வைத்த ஒரு கருத்து இங்கே உதவும். ஆசிரியர்களின் தகுதியைச் சோதிப்பவர்கள் பாட அறிவைத் தனியாகவும் கற்பிக்கும் முறைகளைத் தனியாகவும் சோதிக்கிறார்கள். ஆனால் இரண்டும் கலக்கும் இடத்தில் மூன்றாவதாக ஓர் அறிவு இருக்கிறது, அந்தப் பாடத்தைக் கற்பிப்பதற்கே உரிய அறிவு அது என்றார் அவர். கணினி வகுப்பில் இதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். எக்செலில் ஒரு வரிவிகிதத்தை ஒரே கலத்தில் எழுதி, பொருள்களின் விலைப் பட்டியலை அதனால் பெருக்கும் சூத்திரத்தை முதல் வரிசையில் எழுதினால் விடை சரியாக வரும். அதையே கீழே இழுத்து நகலெடுத்தால் மற்ற வரிசைகளில் பூச்சியம் பூச்சியமாக வரும். சூத்திரம் நகலெடுக்கப்படும்போது அது சுட்டும் கலங்களும் கூடவே நகர்கின்றன என்பதும், டாலர் குறி இட்டால் நகராமல் நிற்கும் என்பதும் எக்செல் அறிந்த எவருக்கும் தெரியும். ஆனால் டாலர் குறியை முதலிலேயே சொல்லிக்கொடுத்தால் கற்பவர் அதை ஒரு மந்திரமாக மனப்பாடம் செய்வார் என்பதும், பூச்சியங்கள் வரும்வரை விட்டுவைத்து, ஏன் வந்தன என்று அவரையே தேட வைத்தபின் சொன்னால் அது மறக்காது என்பதும் அப்பாடத்தைப் பலமுறை நடத்தியவருக்கு மட்டுமே தெரியும். இந்த அறிவை எந்தக் கொள்குறித் தேர்வும் அளப்பதில்லை. பொதுவான கற்பித்தல் சான்றிதழும் ஓரளவுக்குத்தான் தொடுகிறது.

2001ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அந்த ஆண்டின் தொடக்கம் முதல், எம்சிடி தகுதியைத் தக்கவைக்க விரும்புவோர் எம்சிஎஸ்இ (சர்வர், வலையமைப்புப் பொறியாளர்களுக்கான மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்) போன்ற உயர்நிலைச் சான்றிதழ் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதித்தது. அதற்கு முன்பு, ஒரு பயிற்றுநர் தான் நடத்தும் பாடத்துக்குரிய தேர்வில் தேறினால் அந்தப் பாடத்தை நடத்தலாம். புதிய விதியின் நோக்கத்தில் நியாயம் இருந்தது: மாணவர்கள் எம்சிஎஸ்இ ஆவதற்காக வகுப்புக்கு வருகிறார்கள் என்றால், அவர்களுக்கு முன்னால் நிற்பவர் அந்த நிலையை எட்டாதவராக இருப்பது பொருந்தாது. ஆனால் அதன் விளைவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. சர்வர்களையும் வலையமைப்புகளையும் கற்பித்தவர்களுக்கு அது கூடுதல் உழைப்பு, அவ்வளவுதான். ஒரே ஒரு மென்பொருளில் ஆழமான அறிவும் நீண்ட வகுப்பறை அனுபவமும் கொண்டிருந்தவர்களுக்கோ, தாங்கள் ஒருபோதும் கற்பிக்கப்போகாத பாடங்களில் தேர்வெழுத வேண்டிய நிலை. அலுவலகப் பணியாளர்களுக்கு வேர்டும் எக்செலும் சொல்லித்தருபவர்கள் வேறொரு பாதையில் பயணித்தார்கள். 1997இல் தொடங்கிய ஆபீஸ் தேர்வுத் திட்டத்தை ஒட்டி, ‘மாஸ்டர் இன்ஸ்ட்ரக்டர்’ என்ற தனித் தகுதி ஒருகாலத்தில் அவர்களுக்கென இருந்தது. பின்னர் அந்தப் பாதை நிலைக்கவில்லை. கணினிப் பயிற்றுநர் என்ற ஒரே பெயருக்குள் தரவுமையப் பொறியாளருக்குக் கற்பிப்பவரும், முதன்முறை மவுஸைப் பிடிப்பவருக்குக் கற்பிப்பவரும் அடங்குகிறார்கள் என்பதைப் பெரும்பாலான விதிகள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

இதே காலத்தில் காலாவதி என்ற சிக்கலும் முதன்முறையாகப் பெரிதாக வெடித்தது. விண்டோஸ் 2000க்கு முந்தைய பதிப்பான விண்டோஸ் என்டி 4.0 அடிப்படையில் எம்சிஎஸ்இ பெற்றவர்கள் 2001 முடிவதற்குள் விண்டோஸ் 2000க்கான தேர்வுகளை எழுதித் தங்கள் தகுதியை உயர்த்திக்கொள்ளாவிட்டால் அதை இழப்பார்கள் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. பழைய சான்றிதழ் உடையோருக்கு நான்கு தேர்வுகளுக்கு ஈடான ஒரே தேர்வு இலவசமாகத் தரப்பட்டது. ஆனால் அதை ஒருமுறைதான் எழுத முடியும், தவறினால் நான்கையும் தனித்தனியாக எழுத வேண்டும். நிறுவனங்களில் என்டி 4.0 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதைப் பராமரிக்கத் தெரிந்தவரின் சான்றிதழ் எப்படிச் செல்லாமல் போகும் என்ற கேள்வி வலுத்தது. 2001 அக்டோபரில் அந்த நிறுவனம் முடிவைத் திரும்பப் பெற்றது. சான்றிதழ் காலாவதியாகாது, எந்தப் பதிப்புக்கு உரியது என்று அதன்மேல் குறிப்பிடப்படும், அதுவே போதும் என்றானது. என் பார்வையில் அது மிகச் சரியான தீர்வு. ஒரு சான்றிதழ் பொய் சொல்லாமல் இருக்க அதை அழிக்க வேண்டியதில்லை. எதைப் பற்றி, எப்போது அளிக்கப்பட்டது என்பதை அது தெளிவாகச் சொன்னால் போதும்.

ஒன்பது ஆண்டுகள் கழித்துக் காம்ப்டியா ஏறக்குறைய அதே பாதையில் நடந்தது. கணினிப் பராமரிப்புக்கான ஏ பிளஸ், வலையமைப்புக்கான நெட்வொர்க் பிளஸ், பாதுகாப்புக்கான செக்யூரிட்டி பிளஸ் ஆகிய மூன்றும் அதுவரை வாழ்நாள் சான்றிதழ்களாக இருந்தன. 2010 ஜனவரியில் அவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்றும், ஏற்கெனவே பெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்றும் அறிவிப்பு வந்தது. வாழ்நாள் முழுதும் செல்லும் என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டியவர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாள்களிலேயே முடிவு திருத்தப்பட்டது: 2010 டிசம்பர் 31 வரை பெறப்பட்டவை வாழ்நாள் சான்றிதழ்களாகவே தொடரும், 2011 ஜனவரி 1 முதல் பெறப்படுபவை மட்டும் மூன்றாண்டுகளுக்கு உரியவை. புதுப்பிக்க மீண்டும் தேர்வெழுதலாம், அல்லது தொடர்கல்விப் புள்ளிகளைச் சேர்க்கலாம். ஏ பிளஸ் சான்றிதழுக்கு 20, நெட்வொர்க் பிளஸுக்கு 30, செக்யூரிட்டி பிளஸுக்கு 50 என அவை வகுக்கப்பட்டன. வகுப்பெடுப்பதும் அந்தப் புள்ளிகளுக்கு உரிய செயல்களில் ஒன்றாக ஏற்கப்பட்டது. பயிற்றுநரின் கண்ணோட்டத்தில் இந்தச் சிறு விதி மிகப் பெரியது. கற்பிப்பதற்காகத் தன்னைத் தயார்செய்துகொள்பவர் அதன்மூலமே தன் அறிவைப் புதுப்பித்துக்கொள்கிறார் என்பதை ஒரு சான்றளிக்கும் அமைப்பு ஒப்புக்கொண்ட அரிய இடம் அது.

இந்த இரு நிகழ்வுகளிலும் புதுப்பித்தல் தேவையில்லை என்று பெரும்பாலோர் வாதிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது விதியை மாற்றக் கூடாது என்பதுதான் அவர்களுடைய முறையீடு. அது ஏற்கப்பட்டதும் எதிர்ப்பு அடங்கியது.

புதுப்பித்தலை நோக்கி அமைப்புகளைத் தள்ளியதில் ஒரு பன்னாட்டுத் தரநிலைக்கும் பங்கு உண்டு. தனிமனிதர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகள் எப்படி இயங்க வேண்டும் என்பதை வரையறுக்கும் ஐஎஸ்ஓ/ஐஇசி 17024 முதலில் 2003இல் வெளியாகி, 2012இல் திருத்தப்பட்டது. சான்றிதழ் பெற்றவர் தொடர்ந்தும் தகுதியோடு இருக்கிறாரா என்பதை உறுதிசெய்ய மறுசான்றளிப்பு இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. பயிற்றுநர்களைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான இன்னொரு கூறு அதில் உள்ளது: பயிற்சி தருவதும் சான்றளிப்பதும் ஒரே நிறுவனத்துக்குள் நடப்பது நடுநிலைக்கு அச்சுறுத்தல் என்று அது கருதுகிறது. தான் கற்பித்தவரைத் தானே தேறியவர் என்று அறிவிக்கும் பயிற்றுநர், நல்லெண்ணம் உடையவராகவே இருந்தாலும், தன் வேலையைத் தானே மதிப்பிடுகிறார். சிறு பயிற்சி மையங்களில் பாடம் நடத்துபவரே தேர்வறைக் கண்காணிப்பாளராகவும், சில இடங்களில் விடைத்தாளைத் திருத்துபவராகவும் இருந்த வழக்கம் படிப்படியாகக் கைவிடப்பட்டதற்கு இந்தக் கொள்கையே அடிப்படை. இது பயிற்றுநரின் பணியைச் சுருக்கியது உண்மைதான். அவருடைய மாணவர் பெற்ற சான்றிதழின் மதிப்பை அது உயர்த்தியது.

தேர்வுகளின் உள்ளடக்கமும் மாறாமல் இருக்கவில்லை. 1990களின் இறுதியிலேயே, கசிந்த கேள்விகளை மனப்பாடம் செய்து சான்றிதழ் வாங்கியவர்கள் பெருகியதால், ‘காகித எம்சிஎஸ்இ’ என்ற இளக்காரமான பெயர் துறையில் புழங்கத் தொடங்கியிருந்தது. ஆபீஸ் தேர்வுகள் தொடக்கத்திலிருந்தே மென்பொருளுக்குள்ளேயே வேலையைச் செய்துகாட்டச் சொல்பவையாக இருந்ததால் அந்த நோய் அவற்றை அவ்வளவாகத் தாக்கவில்லை. மற்ற அமைப்புகளும் பின்னர் செயல்முறைக் கேள்விகளைச் சேர்த்தன.

மைக்ரோசாஃப்டின் அடுத்த பெரிய மாற்றம் மென்பொருளின் தன்மையே மாறியதைத் தொடர்ந்து வந்தது. பதிப்புகள் இருந்த காலத்தில் சான்றிதழும் பதிப்போடு ஒட்டியிருந்தது. ஆபீஸ் 365 வந்து, இணையவழிச் சேவைகள் மாதந்தோறும் மாறத் தொடங்கியபின், எந்தப் பதிப்புக்கான சான்றிதழ் என்ற கேள்விக்கே பொருளில்லாமல் போனது. எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்டி, எம்சிஎஸ்இ ஆகிய பழைய சான்றிதழ்கள் மூன்றும் 2020 ஜூன் மாதத்தோடு நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டு, பெருந்தொற்றின் காரணமாக 2021 ஜனவரி 31 வரை நீட்டிக்கப்பட்டு, பின்னர் விடைபெற்றன. அவற்றின் இடத்தில் பணிப்பொறுப்பு அடிப்படையிலான சான்றிதழ்கள் வந்தன. இரண்டாண்டுகள் செல்லுபடியாக இருந்த அவை, 2021 ஜூன் இறுதிக்குப் பின் பெறப்பட்டால் ஓராண்டு மட்டுமே செல்லும் என்றாயின; ஆனால் புதுப்பிக்கத் தேர்வு மையத்துக்குப் போக வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை, கண்காணிப்பாளர் இல்லாத சிறிய இணைய மதிப்பீடு ஒன்றைக் காலாவதிக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் முடித்தால் போதும். கண்காணிப்பு இல்லாத தேர்வுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மதிப்பீடு யாரையும் வடிகட்டுவதற்காக வைக்கப்பட்டதன்று, கடந்த ஓராண்டில் என்ன மாறியது என்பதை ஒருமுறையாவது படிக்கவைப்பதற்காக வைக்கப்பட்டது என்று புரிந்துகொண்டால் அது நேர்மையான ஏற்பாடாகவே தோன்றும். விரைவில் பழையதாகும் அறிவைச் சிறிய அளவில், அடிக்கடி, செலவில்லாமல் புதுப்பிக்க வேண்டும் என்பது சரியான திசை.

சிக்கல் எங்கே என்றால், ஒரு பயிற்றுநரிடம் ஒரே ஒரு சான்றிதழ் இருப்பதில்லை. தரவு, பாதுகாப்பு, அலுவலக மென்பொருள், மேகக் கணிமை என்று நான்கைந்து பாடங்களை நடத்துபவரிடம் ஏழெட்டுச் சான்றிதழ்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு, அவற்றுக்கு மேல் எம்சிடி போன்ற பயிற்றுநர் தகுதிக்கு ஆண்டுதோறும் தனிப் புதுப்பித்தல். பெரிய நிறுவனத்தில் பணிபுரிபவருக்குத் தேர்வு நாளும் சம்பளத்தோடு கூடிய நாள்தான். ஒப்பந்த அடிப்படையில் வகுப்பெடுப்பவருக்கு அது வருமானம் இழந்த நாள். சில வேளைகளில் தேர்வுக் கட்டணமும் அவர் பையிலிருந்தே போகிறது. விதியை எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. இதன் விளைவு வகுப்பறையிலும் தெரிகிறது. ஆண்டு முழுதும் தன் சான்றிதழ்களைக் காப்பாற்றவே படித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, போன வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருந்தவர் ஏன் பின்தங்கினார் என்று உட்கார்ந்து யோசிக்கவும், பாடத்தை அதற்கேற்பத் திருத்தி எழுதவும் நேரம் எஞ்சுவதில்லை.

தொழில்முறைச் சான்றிதழ்களின் உலகில் இப்படியெல்லாம் நடந்துகொண்டிருக்க, அடிப்படைக் கணினித் திறன் கற்பிப்போரின் உலகில் மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. 1996இல் ஐரோப்பாவில் அறிமுகமான கணினி ஓட்டுநர் உரிமம் என்னும் ஈசிடிஎல், ஃபின்லாந்தில் இருந்த ஒரு முன்னோடித் திட்டத்திலிருந்து வளர்ந்தது. அதை நடத்தும் அறக்கட்டளை 1997இல் டப்ளினில் நிறுவப்பட்டது, இன்று அது ஐசிடிஎல் என்ற பெயரில் அறியப்படுகிறது. வாகன ஓட்டுநர் உரிமத்தைப் போலவே, எந்தப் பொருளை யார் தயாரித்தார் என்பதை முன்னிறுத்தாமல், பொதுவாக ஒருவருக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்பது அதன் எண்ணம். பின்னர் ஐரோப்பிய ஆணையம் 2013இல் வெளியிட்ட டிஜிகாம்ப் என்னும் சட்டகம் மென்பொருள் பெயர்களையே தவிர்த்தது. தகவலைத் தேடி மதிப்பிடுதல், தொடர்புகொள்ளுதல், உள்ளடக்கம் உருவாக்குதல், பாதுகாப்பு, சிக்கல் தீர்த்தல் என்ற ஐந்து பகுதிகளில் 21 திறன்களை அது வகுத்தது. 2022இல் வந்த 2.2 பதிப்பு செயற்கை நுண்ணறிவு சார்ந்த எடுத்துக்காட்டுகளையும் சேர்த்துக்கொண்டது.

கற்பிப்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட சட்டகங்களும் வந்தன. யுனெஸ்கோ 2008இல் முதல் வடிவத்தையும் 2018இல் மூன்றாவது பதிப்பையும் வெளியிட்ட ஆசிரியர்களுக்கான தகவல் தொழில்நுட்பத் திறன் சட்டகம் 18 திறன்களை மூன்று நிலைகளில் அடுக்குகிறது. 2017இல் வந்த டிஜிகாம்ப்எடு 22 திறன்களை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மொழித்திறனை அளக்கும் முறையைப் போல ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளைத் தருகிறது. இவை சான்றிதழ்கள் அல்ல. சான்றிதழ் விதிகளை எழுதுவோர் எடுத்துப் பயன்படுத்தும் வரைபடங்கள். பயிற்றுநரைப் பற்றிய எதிர்பார்ப்பு எப்படி மாறியிருக்கிறது என்பதை இவற்றில் தெளிவாகக் காணலாம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்பவராக இருந்தவரிடம், ஏமாற்று மின்னஞ்சலை எப்படி அடையாளம் காண்பது, தேடலில் முதலில் வருவது ஏன் உண்மையாக இருக்க வேண்டியதில்லை, தன் படத்தைப் பதிவேற்றும்போது எதையெல்லாம் கையளிக்கிறோம் என்பனவற்றை விளக்கும் கடமையும் சேர்ந்திருக்கிறது. இவற்றைச் சரி, தவறு என்று ஒற்றைச் சொடுக்கில் சோதிக்க முடியாது. மாணவருக்கு வைக்கும் தேர்வில் இவை இடம்பெற்றுவிட்டன. பயிற்றுநருக்கு வைக்கும் தேர்வில் இவற்றைக் கற்பிக்கத் தெரியுமா என்ற கேள்வி பெரும்பாலும் இன்னும் இடம்பெறவில்லை.

2020இல் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது இந்தப் பற்றாக்குறை எல்லாருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. வகுப்பறையில் நடந்துபோய்க் கற்பவரின் திரையை எட்டிப்பார்த்த பயிற்றுநர், இப்போது கேமராக்கள் அணைக்கப்பட்ட பெயர்ப்பட்டியலுக்கு முன் பேச வேண்டியிருந்தது. யார் தடுமாறுகிறார் என்பதை முகத்தில் படிக்க முடியாதபோது, அதைக் கண்டுபிடிக்க வேறு உத்திகள் தேவைப்பட்டன: பாடத்தை இன்னும் சிறிய துண்டுகளாக்குவது, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் கற்பவரையே திரையைப் பகிரச் சொல்வது, எழுதிக் கேட்க ஒரு வழியைத் திறந்துவைப்பது. இது தனித் திறமை என்பதைச் சிடிடி பிளஸ் முன்பே உணர்ந்திருந்தது. அதன் செயல்முறைத் தேர்வு வகுப்பறைக்கு ஒன்று, இணைய வகுப்புக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைக்கப்பட்டிருந்தது. இதற்கு நேர்மாறாக, பயிற்றுநர் எந்தச் சூழலில் கற்பிக்கிறார் என்பதைப் பொருட்படுத்தாத விதிகளே பரவலாக இருந்தன.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின், மென்பொருளை அறிந்திருத்தல் என்ற முதல் தகுதியின் மதிப்பே கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. எக்செல் சூத்திரம் எப்படி எழுதுவது என்று கேட்டால் விடை நொடியில் கிடைக்கிறது. அந்த விடை பெரும்பாலும் சரியாகவும், சில நேரங்களில் சரியானதைப் போன்ற தோற்றத்தோடு தவறாகவும் இருக்கிறது. பொத்தான் இருக்கும் இடத்தைச் சொல்வதற்காக மட்டும் பயிற்றுநர் தேவையில்லை என்ற வாதம் இதனால் வலுவடைகிறது. ஆனால் மேலே சொன்ன வரிவிகித எடுத்துக்காட்டுக்குத் திரும்பினால், பூச்சியங்கள் வந்தவுடன் கருவியிடம் கேட்டுச் சூத்திரத்தைத் திருத்திக்கொள்பவர் அன்றைய வேலையை முடித்துவிடுவார். பூச்சியம் வராமல் தவறான எண் வந்திருந்தால் அதை அவர் கவனித்திருக்கவே மாட்டார். விடையைச் சந்தேகிக்கவும் சரிபார்க்கவும் கற்றுத்தருவது இப்போது பயிற்றுநரின் தலையாய வேலை. தகுதி விதிகளில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிய சான்றிதழ்கள் வேகமாகச் சேர்ந்துவருகின்றன. அவையும் கருவியைப் பற்றியவையே. அந்தக் கருவிகளின் முகமும் சில மாதங்களில் மாறிவிடும்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரே சான்றிதழுக்குள் இரண்டு தகுதிகளையும் அடைத்து ஒரே கெடுவை விதிப்பதைவிட, அவற்றைப் பிரித்து வைப்பதே நியாயமாகப் படுகிறது. மென்பொருள் அறிவுக்குக் குறுகிய காலமும், கட்டணமற்ற எளிய புதுப்பித்தலும் இருக்கட்டும். கற்பித்தல் திறமைக்கு, நடத்திய வகுப்பை ஒருவர் பார்த்து மதிப்பிட்ட சான்று இருக்கட்டும். ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது கற்பிக்கும் சூழல் அடியோடு மாறும்போது, அதை மீண்டும் பார்த்தால் போதும். வகுப்பெடுத்த மணிநேரம் புதுப்பித்தலுக்குக் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். முன்பே பெற்றவர்களுக்கு, பெற்றபோது சொல்லப்பட்ட நிபந்தனைகளே பொருந்த வேண்டும். ஒளிப்பதிவைப் பார்த்து மதிப்பிடச் செலவாகும் என்பது இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதன்மையான காரணம். ஆனால் ஆண்டுதோறும் ஏழெட்டுத் தேர்வுகளுக்கு ஒரு பயிற்றுநர் செலவிடும் நாள்களையும் செலவாகவே எண்ணினால் அந்த வாதம் அவ்வளவு வலுவாக நிற்காது.

பயிற்றுநரை அமர்த்துவோர் விதிகள் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் காட்டும் மின்னணுச் சான்றிதழில் எப்போது வழங்கப்பட்டது, எதுவரை செல்லும், எந்தத் திறன்களுக்காக வழங்கப்பட்டது என்ற விவரங்கள் இருக்கும். அதன் இணைப்பைத் திறந்து வழங்கிய அமைப்பின் பக்கத்திலேயே அவற்றைச் சரிபார்க்கலாம். பழைய பதிப்புக்கான சான்றிதழைக் கண்டவுடன் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதன்பின் அவர் என்னென்ன பாடங்களை, யாருக்கு நடத்தினார் என்று கேட்கலாம். அதன்பிறகு, அவர் வழக்கமாக நடத்தும் பாடத்திலிருந்து ஒரு பகுதியை, அதை இதுவரை அறியாத மூன்று நான்கு பேரை உட்காரவைத்து, இருபது நிமிடம் நடத்தச் சொல்லிப் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கலாம்.